காகிதத்தில் கிளம்பிப் போனவர்

1

டான்காஸ்டர்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை, காலை 6.10. இந்த வருடத்தில் நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றிலும் கேட்ட கேள்விகள் ஐந்து. கிடைத்த பதில்கள் பூஜ்யம்.

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கழற்றி வைக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில், முதியவர்களுக்கான நகராட்சி வீடு ஒன்று செப்டம்பரில் காலியாகிறது. படி கிடையாது, குளியலறையில் கைப்பிடி உண்டு. உங்களுக்கு எழுபத்து நான்கு வயது. நார்மன் பெரியப்பா முதியோர் இல்லத்தில் படுக்கையோடு கிடக்கிறார். ஞாயிறுதோறும் போகிறேன். "கிளிஃப் எப்பப்பா வர்றான்?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். நானும் ஒவ்வொரு வாரமும் ஒரே பொய்யைச் சொல்கிறேன்.

எட்டு வருடம் வெயில் காய்ந்தாயிற்று. ஊரோடு வந்து சேருங்கள். மனு வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போதும்.

வேலை வழக்கம்போல. போன வாரம் என்னோடு வேலை செய்யும் டெஸ்மண்ட் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர் ஒவ்வொரு மாடிக் கதவையும் தட்டி உள்ளே ஆள் உண்டா என்று கேட்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு பெண், கையில் மீன் பையோடு, நாற்பது நிமிடம். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. முப்பது வருட அனுபவஸ்தர். அவரை எல்லார் முன்னாலும் திட்டினேன்.

அம்மாவுக்கு என் அன்பு. பதில் வேண்டும், வெயில் நிலவரம் வேண்டாம்.

ராஸ்

2

அலிகான்டே, ஜூன் 24

ராஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வெயில் நிலவரம் வேண்டாம் என்றாய், அதனால் முப்பத்தொன்பது டிகிரி என்று எழுதவில்லை. நான் இப்போது வீட்டுக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில்தான் தூங்குகிறேன். குளிர்ச்சியாக இருக்கிறது. மாடியில் அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடப்பதும் ஒரு காரணம்.

புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப் போட்டியில் நாங்கள் மூன்றாம் இடம். நான் விளையாடுவதில்லை, புள்ளிகள் எழுதுகிறேன். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் பீர் குடிக்க உட்காருவார்கள், நான் கிளம்பிவிடுவேன். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

வீடு நல்ல வீடாகத்தான் தெரிகிறது. அடுத்த வருடம் மார்ச் தாண்டட்டும், பார்க்கலாம். நார்மனிடம் நான் விசாரித்ததாகச் சொல். கோடை விடுமுறைக்கு இங்கே வரவேண்டாம். பெயின்ட் அடிக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

3

டான்காஸ்டர், ஜூலை 8

அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதால் மறுபடி விசாரிக்கிறேன்.

போன வருடமும் பெயின்ட் அடித்தீர்கள். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கும். அந்த வீட்டுச் சுவர் இதற்குள் ஒரு சாண் தடித்திருக்க வேண்டும்.

மார்ச் என்கிறீர்கள். மார்ச்சில் என்ன, பவுல்ஸ் இறுதிப் போட்டியா? நகராட்சி வீடு மார்ச் வரை காத்திருக்காது. என் பொறுமையும்தான்.

ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று தபாலில் ஓட்டுப் போட்டுவிட்டு, அதே வருடம் ஸ்பெயினுக்கு மூட்டை கட்டிய மனிதர் நீங்கள். முடிவெடுப்பதில் உங்கள் திறமை இந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஆகவே இந்த முடிவை நான் எடுக்கிறேன். 2019-இல் உங்கள் ஓய்வூதியக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ள எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள். அது இன்னும் செல்லும். ஜூலை 20 வரை பதில் வராவிட்டால், செப்டம்பர் 1 முதல் நீங்கள் ஊர் திரும்புவதாக ஓய்வூதிய அலுவலகத்துக்கு நானே எழுதிவிடுவேன். அவர்கள் தரும் ரசீது இருந்தால்தான் நகராட்சி வீட்டைப் பிடித்துவைப்பார்கள்.

அம்மாவுக்கு அன்பு.

ராஸ்

4

அலிகான்டே, ஜூலை 16
(உறைமேல் ராஸின் கையெழுத்து: வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 7)

ராஸ்,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நார்மன் போன செய்தியை அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். பத்தொன்பதாம் தேதி அடக்கம் என்றாய். என்னால் வர முடியாது. முழங்கால். நீ முன்னால் நின்று செய். சவப்பெட்டிமேல் அவனுடைய ரயில்வே தொப்பியை வைக்கச் சொல். வலது பக்கம் சாய்த்து வைப்பதுதான் அவன் வழக்கம்.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு எதுவும் அனுப்பாதே. காரணம் கேட்காதே. நான் உன்னிடம் கெஞ்சியதில்லை. இதைப் படித்ததும் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு. அம்மாவுக்கு இது பற்றி எழுதாதே, போனிலும் சொல்லாதே.

இரவு நன்றாகத் தூங்கு.

அப்பா

5

டான்காஸ்டர், ஆகஸ்ட் 8

அப்பாவுக்கு,

எல்லாரும் நலம், பெரியப்பாவைத் தவிர.

உங்கள் கடிதம் வர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. விண்ணப்பம் ஜூலை 20-ஆம் தேதியே போய்விட்டது. அடக்கத்துக்கு மறுநாள் காலை, அதே கறுப்பு கோட்டோடு போய்ப் பெட்டியில் போட்டேன். மறைக்கவில்லை, கோபத்தில்தான் போட்டேன்.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் உங்களுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். கூடப் பிறந்தவர் போகும்போது முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள். பவுல்ஸ் மைதானத்துக்குப் போக அதே முழங்கால் வலிப்பதில்லை. தொப்பியை வலது பக்கம் சாய்த்துத்தான் வைத்தேன்.

கிழிக்க எதுவும் மிச்சமில்லை. அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது: செப்டம்பர் 1 முதல் திரு. கிளிஃபர்ட் ஆல்ட்ரிட்ஜ் டான்காஸ்டர்வாசி. கிளம்புங்கள்.

ராஸ்

6

அலிகான்டே, செப்டம்பர் 9
(கூரியரில்)

ராஸ் கண்ணா,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி இரண்டு வருடமாக உனக்குப் பொய் எழுத வைத்தது நான்தான், அப்பா இல்லை. இந்த ஒரு கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

என் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். படுக்கையருகே ஒரு மெஷின், தினமும் ஒன்பது மணி நேரம் திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும். அதைப் பொருத்த அப்பா மருத்துவமனையில் பத்து நாள் பயிற்சி எடுத்தார். என் விரல்கள் மரத்துப்போனதால் என்னால் முடியாது. ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடி வருவது இதற்குத்தான். அட்டைப்பெட்டிகள் அந்தத் திரவப் பைகள். பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை.

நார்மன் அடக்கத்தன்று என்னை விட்டு ஒரு ராத்திரிகூட நகர முடியாதென்று இங்கேயே இருந்துவிட்டார். இரண்டு மணிக்குக் கம்பளி சூட் போட்டு, டை கட்டி, அந்த வெயிலில் வாசல் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன். என் மருத்துவ அட்டை என்னுடையதில்லை. அப்பாவின் ஓய்வூதியத்தின் வால் அது. பிரிட்டன் வெளியேறுவதற்கு முன்பே நாங்கள் இங்கே குடியிருந்தவர்கள். அதனால் அவர் இங்கே வசிக்கும்வரை அவர் வைத்தியச் செலவையும் அவரைச் சார்ந்த என் செலவையும் நம் நாடு ஏற்றுக்கொள்கிறது. அவர் ஊர் திரும்பினால் அன்றோடு இருவருக்கும் நின்றுபோகும். எனக்கென்று ஓய்வூதியமும் அட்டையும் வர அறுபத்தாறு ஆக வேண்டும். அது அடுத்த வருடம் மார்ச் 11. அந்தத் தேதிக்காகத்தான் உன் அப்பா, பிடிக்காத வெயிலில், பிடித்த ஊரை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்குச் சுகாதார நிலையம் போனோம். அந்தப் பெண் அட்டையை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

"இது செல்லாதும்மா. உங்க வீட்டுக்காரர் இங்கிலாந்துக்குக் குடி போயிட்டாரே."

அப்பா காது மெஷினைச் சரி செய்துகொண்டு கேட்டார், "யாரு போயிட்டா?"

"நீங்கதான் சார்."

"நான் இங்கதானேம்மா நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, பாக்குறேன். பேப்பர்ல போயிட்டீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளியே போகணும்னு ஓட்டுப் போட்டீங்கல்ல, போயாச்சு பாருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் நீ எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார். அதுவரை என்னிடம் காட்டவில்லை.

புதன்கிழமை மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் என் பெயரை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அட்டை சரியாகும்வரைதானாம். பதினாலு மாதமாகக் காத்திருக்கிறேன், இப்போது முன்வரிசையில் இருக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்கு வந்தால் வைத்தியம் கிடைக்கும், தெரியும். ஆனால் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதனால்தான் வரவில்லை. மாதாந்தரத் திரவப் பை வண்டியும் வரவில்லை. கையில் இருப்பது இருபத்திரண்டு பை. ஒரு நாளைக்கு இரண்டு.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் விமானத்தில் வந்து, "ஒண்ணை எடுத்துக்கோங்க" என்று மேசைமேல் படுத்துவிடுவாய். யாரையும் கேட்க மாட்டாய். முப்பத்திரண்டு வயசுப் பிள்ளையின் உடம்பைக் கிழித்து நான் வாழ வேண்டாம். அந்த எண்ணத்தோடு இங்கே வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

சாப்பிடு. தூங்கு. செய்ததைச் சரி செய்.

அம்மா

7

டான்காஸ்டர், செப்டம்பர் 11, மதியம் 1.40

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கத் தகுதியில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

கூரியர் 11.05-க்கு வந்தது. 11.20-க்குப் போன் செய்தேன். நான்கு நிமிடம் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். சரிதான். எழுதினால்தான் என்னால் ஒழுங்காகப் பேச முடிகிறது.

விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினேழாவது கேள்வி: "உங்கள் பெயரின் வழியாக வேறு யாருக்கேனும் மருத்துவ உரிமை உண்டா?" நான் 'இல்லை' கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். இல்லை என்று தெரிந்து குறிக்கவில்லை. தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை, கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும் என்பதற்காகக் குறித்தேன். டெஸ்மண்ட் தட்டாமல் விட்டது ஒரு கதவை. நானும் ஒரு கதவைத்தான் விட்டேன். அவரிடம் சற்று முன் மன்னிப்புக் கேட்டேன். "யாரு மாட்டிக்கிட்டா?" என்றார். அம்மா என்றேன். என் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு பை என்பது ஒன்பதாம் தேதிக் கணக்கு. இன்று பதினெட்டு. பத்தொன்பதாம் தேதியோடு தீர்கிறது. அலுவலகத்துக்கு எழுதுகிறேன், நகல் உங்களுக்கும் வரும். அப்பா உடனே நகராட்சிக்குப் போய், குடியிருப்புப் பதிவுச் சான்றிதழை அன்றைய தேதி போட்டு வாங்க வேண்டும். பழையது எடுபடாது. இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன், நீங்களும் காகிதங்களை அப்படியே அனுப்புங்கள்.

ராஸ்

8

டான்காஸ்டர், செப்டம்பர் 13

ஓய்வூதிய அலுவலகத்தின் வெளிநாட்டுப் பிரிவுக்கு,

வணக்கம்.

என் தந்தை கிளிஃபர்ட் ஆல்ட்ரிட்ஜ் செப்டம்பர் 1 முதல் பிரிட்டன் திரும்புவதாக ஜூலை 20 அன்று நான் அனுப்பிய தகவல் தவறு. அவர் திரும்பவில்லை. திரும்பச் சம்மதிக்கவும் இல்லை. அவருக்காகக் கையெழுத்திட எனக்கு அதிகாரம் இருந்தது, அவர் விருப்பத்துக்கு மாறாகக் கையெழுத்திட இல்லை. பதினேழாம் கேள்விக்கு நான் தந்த பதிலும் தவறு. என் தாய் கிளெனிஸ் அவரைச் சார்ந்தவர்.

என் தந்தை 2016 அக்டோபர் முதல் ஒரு மாதம்கூட இடைவெளியின்றி ஸ்பெயினில் வசிக்கிறார். புதிய குடியிருப்புச் சான்று, மருத்துவமனை வருகைப் பதிவு, பவுல்ஸ் கிளப்பில் அவர் கையால் எழுதிய எட்டு வருடப் புள்ளி ஏடுகளின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். செப்டம்பர் மாதப் பக்கங்களும் உண்டு. ஊருக்குப் போன மனிதர் அங்கே புள்ளி எழுத முடியாது.

தவறு முழுக்க என்னுடையது. இதற்காக என்மேல் எடுக்கும் நடவடிக்கையை ஏற்கிறேன். அது நடக்கும்வரை என் தாயின் வைத்தியம் காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
ராஸ் ஆல்ட்ரிட்ஜ், லிஃப்ட் பொறியாளர்

9

அலிகான்டே, செப்டம்பர் 30

ராஸ்,

நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி அட்டை உயிர் பெற்றது. அதே பெண்தான் தேய்த்துப் பார்த்தாள். "திரும்பி வந்துட்டீங்களா சார், பயணமெல்லாம் சௌக்கியமா?" என்றாள். அம்மா அரை மணி நேரம் சிரித்தாள்.

உன் கணக்கு சரி. பைகள் பத்தொன்பதாம் தேதியோடு தீர்ந்தன. நடுவில் மூன்று நாள் இடித்தது. கிளப்பில் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். யாரும் கிண்டல் செய்யவில்லை. பாலின் என்று ஒருத்தி, போன மாதம் புருஷனை இழந்தவள், எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கார் நிறையப் பெட்டி. அவள் புருஷன் டெர்ரிக்கும் இதே வைத்தியம், இதே பை. திருப்பிக் கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தாளாம். தேதி தாண்டவில்லை. தாதியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் பொருத்தினேன்.

பட்டியலில் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். செப்டம்பர் நாலிலிருந்து இருபத்து மூன்று வரை பத்தொன்பது நாள் பெயர் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளில் அவளுக்குப் பொருந்துவது ஏதாவது வந்ததா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன்மேல் கோபம் இருந்தது. நீ அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை அம்மா சத்தமாக வாசித்தாள். நான் காது மெஷினைக் கழற்றவில்லை.

உடம்பைக் கவனி.

அப்பா

10

டான்காஸ்டர்

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை, இரவு 7.25. மார்ச் 11-க்கு இன்னும் நூற்று நாற்பத்தெட்டு நாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். உங்கள் நலத்தை இனி கடிதத்தில் விசாரிப்பதாக இல்லை, நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மறைத்தால் நானும் உங்களைப் போலாகிவிடுவேன். அக்டோபர் 3 அன்று ஷெஃபீல்டில் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தேன். அம்மாவின் ரத்தப் பிரிவும் என்னுடையதும் ஒத்துப்போகின்றன. இது முதல் படி மட்டும். இன்னும் நிறையச் சோதனைகள் உண்டாம். அங்கிருந்த டாக்டர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?" அடுத்த சோதனைக்குத் தேதி கொடுக்க வந்தார், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இனி நான் செய்யப் போவது:

1. நகராட்சி வீடு வேண்டாம் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படி ஏற முடியாத ஒரு பாட்டிக்குப் போகிறது.

2. அக்டோபர் 19, சனிக்கிழமை, அலிகான்டே வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம், பேருந்து இருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய தேயிலைப் பார்சல் சுங்கத்திலேயே கிடக்கட்டும், வேறு தேயிலையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன்.

3. அதிகாரப் பத்திரத்தையும் கொண்டுவருகிறேன். அம்மா கிழிக்கட்டும்.

4. ஒரு வாரம் மெஷின் பொருத்தக் கற்றுக்கொள்கிறேன். அப்பா அந்த வாரம் ஆறு மணிக்கு மேலும் கிளப்பில் உட்காரட்டும். பாலினுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுக்கட்டும்.

5. அடுத்த வருடம் அப்பா டான்காஸ்டர் வரும் முதல் நாள், அவரைப் பெரியப்பா கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன். சூட் வேண்டாம்.

6. அம்மாவின் சொந்த அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்புகிறேன். தெரியாத கட்டம் காலியாகவே இருக்கும். இரண்டு பேரும் படித்து முடிக்கும்வரை தபால் பெட்டிப் பக்கம் போக மாட்டேன்.

7. அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி யாரிடமும் கேட்க மாட்டேன்.

8. சிறுநீரகம் பற்றி ஒரே ஒரு தடவை கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

9. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு உங்கள் வாசல் கதவைத் தட்டுவேன். என்னிடம் சாவி இருக்கிறது. தட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

ராஸ்